விருந்து மேசையில் ஒரு சிறு கிண்ணம்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் வீடுகளில் முதலில் மணப்பது அடுக்களைதான். அதிரசத்திற்குப் பாகு காய்கிறது. அச்சு முறுக்கிற்கு மாவு கரைகிறது. திராட்சை ரசம் சில வாரங்களாகவே ஜாடியில் ஊறிக்கொண்டிருக்கிறது. வந்தவர் வயிறார உண்டு எழுந்தால்தான் நமக்கு மனம் நிறையும். ஆனால், வயிறார உண்ணவே இயலாத ஒருவர் அந்தப் பந்தியில் அமர்ந்திருந்தால்?

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது இது. அவ்வீட்டு மருமகளுக்கு உடல் மிகப் பருத்து, நீரிழிவும் சேர்ந்துகொண்டது. மருத்துவர் ஆலோசனைப்படி எடை குறைக்கும் இரைப்பை அறுவை செய்துகொண்டார். ஊர் என்ன சொல்லுமோ என்றஞ்சி, கணவனும் மனைவியும் அதைப் பித்தப்பைக் கல்லுக்கான அறுவை என்று மாமியாரிடம் கூறிவிட்டனர்.

எட்டு மாதம் கழித்துக் கிறிஸ்மஸ் வந்தது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், மாமியார் இரண்டு அதிரசங்களையும் ஒரு குவளைத் திராட்சை ரசத்தையும் நீட்டினார்.

"வேண்டாம் அத்தை."

"நல்ல நாளும் அதுவுமாக வேண்டாமென்று சொல்லாதே அம்மா. பாதி ஆளாகிவிட்டாய், சாப்பிடு."

மறுக்க வழியின்றி உண்டார். கால் மணி நேரத்திற்குள் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, தலை சுற்றிச் சாய்ந்தார். மாரடைப்பென்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடினர். உண்மை அங்கேதான் வெளிப்பட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், "என் கையாலேயே கொடுத்தேனே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அந்த அம்மையார் அழுததுதான் அனைவரையும் வாட்டியது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது?

இரைப்பை மாற்றுப்பாதை அறுவையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோ என்னும் மருத்துவர்கள் தொடங்கிவைத்தனர். இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பை அமைத்து, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கின்றனர். மற்றொரு முறையில் இரைப்பையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அகற்றிக் குழல்போல் ஆக்குகின்றனர்.

நம் இரைப்பையின் வாயிலில் ஒரு தசை, காவலன்போல் நின்று உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்புகிறது. மாற்றுப்பாதையில் அக்காவல் இல்லை. இனிப்பு ஒரேயடியாகக் குடலில் இறங்க, வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். இதை 'டம்பிங்' என்பர். 1 முதல் 3 மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதும் உண்டு. மதுவும் இவர்கள் இரத்தத்தில் விரைந்து ஏறும். ஒரு குவளையே போதையாகிவிடும்.

உண்பவர் கவனத்திற்கு

விருந்துக்கென்று பகலெல்லாம் பட்டினி கிடத்தல் தவறு. வேளை தவறாமல் சிறிது சிறிதாக உண்ண வேண்டும். பந்தியில் முதலில் மீன், முட்டை, பருப்பு, தயிர் போன்ற புரத உணவு, பிறகு காய்கறி, இடமிருந்தால் மட்டுமே சோறு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான அறிவுரை. ஆட்டிறைச்சியை நன்கு வேகவைத்து, கூழாகும்வரை மெல்ல வேண்டும். இல்லையேல் அடைத்துக்கொண்டு வாந்தி வரும். உண்ணும்போது நீர் பருகாது, உண்டபின் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். சோடா பானங்களைத் தவிர்ப்பது நலம். விழாக் களிப்பில் வைட்டமின், சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை மறந்துவிடலாகாது. அவை வாழ்நாள் முழுவதும் வேண்டியவை. அறுவை முடிந்து சில வாரங்களே ஆனவர்கள், மருத்துவர் வகுத்த நீராகாரத்தையும் மசித்த உணவையும் விழாவுக்காக மீறவே கூடாது. வாந்தி நிற்காவிடில் உடனே மருத்துவரை நாடுக.

பரிமாறுபவர் கவனத்திற்கு

ஒரு முறை 'போதும்' என்றால் அதனை ஏற்போம். "இளைத்துவிட்டாயே", "வாயைக் கட்டியிருந்தால் அறுவை எதற்கு?" என்பன போன்ற பேச்சுகளைப் பந்தியிலிருந்து விலக்குவோம். மிகு உடற்பருமன் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை பெறுவது குற்றமன்று. ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால், நமக்குச் சோறிடும் கைக்கேனும் உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டும் அவ்வீட்டில் கிறிஸ்மஸ் வந்தது. மாமியார் அதிகாலையிலேயே முள்ளில்லாத மீனாகப் பார்த்து, காரம் குறைத்துக் குழம்பு வைத்து, ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து மருமகளின் முன் வைத்தார். உறவினர் ஒருவர் அதிரசத் தட்டை நீட்டியபோது, மருமகள் வாய் திறக்குமுன் அவரே தட்டைத் தம் பக்கம் வாங்கிக்கொண்டார். "அவளுக்கு வேண்டியதை நான் வைத்துவிட்டேன், நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார்.

அன்று மருமகள் உண்டது ஒரு கிண்ணமே. ஆயினும் அவ்வீட்டு விருந்தில் குறையொன்றும் இருக்கவில்லை.