முக்குளிப்பு உடையில் உருமறைப்பு வண்ணம்

நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் முக்குளிப்பு உடையை 1952இல் வடிவமைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். வளைந்து நெளியும் அந்தப் பரப்பில் உருமறைப்புக்காகச் சுவர்ப் பெயின்ட் பூசினால் அது வெடித்து உரிந்துவிடும். துணி ஒட்டிய உடைக்கு நெகிழும் துணி வண்ணமே ஏற்றது. உப்புப் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, சற்று இழுத்துப் பிடித்து, ஸ்பொஞ்சால் மெல்லிய பூச்சுகளாக ஒற்ற வேண்டும்.

நிறத்தேர்வே முக்கியம். கடல்நீர் சிவப்பொளியை முதலில் உறிஞ்சுவதால், சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிக் கருமையாகத் தெரியும். எனவே நுணுக்கமான நிறபேதங்கள் வீண். உடலின் வெளிவரம்பைக் குலைக்கும் பெரிய, ஒழுங்கற்ற கருமை, வெளிர் திட்டுகளே பலன் தரும். சூரை மீனுக்கு இருப்பதுபோல முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் இருப்பது இன்னும் நல்லது.

இலங்கையில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்கத் தடை உண்டு. ஆகவே மீனின் கண்ணில் படாமல் நெருங்க உதவும் இவ்வுடை இங்கு நீரடிப் படப்பிடிப்புக்கே பொருந்தும். அப்போதும் படகோட்டிக்குத் தெரியும்படி செம்மஞ்சள் மிதவை அவசியம்.