கழுத்துச் சுரப்பியும் மனக்கலக்கமும்

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைப் பகுதியில் டி.எம்.எஸ். வளாகம் என்று வழங்கும் ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறையும் மருத்துவப் பணிகள் துறையும் அங்கிருந்துதான் நடத்தப்பெறுகின்றன. 2022ஆம் ஆண்டில் அவ்வளாகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்னும் மனநல ஆலோசனைச் சேவை தொடங்கப்பெற்றது. எந்தக் கிராமத்திலிருந்தும் 14416 என்ற எண்ணை அழைத்துக் கட்டணமின்றித் தம் மனக்குறையை எடுத்துரைக்கலாம். “காரணமின்றிப் பயம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் இல்லை” என்போருக்கு இஃது உற்ற துணை.

ஆயினும் இத்தகைய கலக்கத்தின் வேர் சில வேளைகளில் மனத்தில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. தைராய்டுச் சுரப்பியின் வேலை குன்றினால் உடல் தளர்வதோடு உள்ளமும் கலங்கக்கூடும். இதனை நம் சங்க அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தறியில் அமர்ந்து பல ஆண்டுகளாகப் பழகிய ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு சேலை நெய்தவள் இப்போது ஒன்றை முடிக்கவே திணறுகிறாள். இழை அறுந்தால் கை நடுங்குகிறது. கூலியோ நெய்த சேலைக்குத்தான். வீட்டார் அவளைச் சோம்பேறி என்கின்றனர். அண்டையார் காற்றுக் கருப்பு என்கின்றனர். மந்திரிக்கவும் கயிறு கட்டவும் பணம் செலவாகிறது. ஒரு துளி இரத்தத்தைச் சோதித்திருந்தால் காரணம் வெளிப்பட்டிருக்கவும் கூடும். அது நடவாமல் மாதங்கள் கழிகின்றன; கடனும் வளர்கிறது. நெசவிலும் வேளாண்மையிலும் உடலுழைப்பே முதலாதலின், இது நம்மவர்க்கு வெறும் நோய்ச் செய்தி அன்று. பிழைப்பைப் பற்றிய செய்தி.

சுரப்பியின் தொழில்

தைராய்டுச் சுரப்பி முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ளது. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு தைராக்சின் முதலிய சுரப்புநீர்களை உண்டாக்கி இரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. இதயம் துடிக்கும் வேகம், உடலின் வெம்மை, குடலின் இயக்கம், மூளையின் சுறுசுறுப்பு ஆகியன அந்தச் சுரப்புநீரின் அளவைப் பொறுத்தவை.

இச்சுரப்பியை மேற்பார்வை செய்வது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. இதனை நம் சங்க நடைமுறையைக் கொண்டே விளக்கலாம். தலைமைச் சங்கம் கிளைச் சங்கத்திடம் துணி கேட்டு எழுதுகிறது. துணி வந்தால் ஒரு கடிதத்தோடு நின்றுவிடும். வராவிட்டால் கடிதத்தின்மேல் கடிதம் போகும். பிட்யூட்டரி அனுப்பும் அந்தக் கடிதமே டி.எஸ்.எச். ஆகவே, சோதனைத் தாளில் டி.எஸ்.எச். மிகுந்திருந்தால் சுரப்பி மிகுதியாக வேலை செய்கிறது என்று பொருள் கொள்ளலாகாது. கேட்டும் சரக்கு வரவில்லை என்பதே அதன் பொருள்.

சுரப்பி குன்றுவதற்கு நம் காலத்தில் பெருங்காரணம், உடலின் காப்புப் படையே தன் சுரப்பியைப் பகையாக எண்ணித் தாக்குவதாகும். 1912ஆம் ஆண்டில் இதனை முதலில் விவரித்த ஜப்பானிய வைத்தியர் ஹாஷிமோட்டோவின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. சென்னை உட்பட 8 நகரங்களில் 5,000க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்கு 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு காணப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒருவர்போல் தமக்கு அக்குறை உள்ளதென்பதையே அறியாதிருந்தனர். ஆண்களைப் போல் மும்மடங்கு பெண்களுக்கு இது நேர்ந்திருந்தது.

மனம் கலங்குவது எவ்வாறு?

அசதி, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், தோல் வறட்சி, குரல் கரகரத்தல், மாதவிலக்கு மிகுதல், மறதி ஆகியவை தைராய்டுக் குறைவின் நன்கறிந்த குறிகள். மனத்தைப் பொறுத்தவரை, சுரப்பு மிகுந்தால் படபடப்பு, குறைந்தால் சோர்வு என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் குறைந்தவரிடத்தும் அச்சமும் கலக்கமும் உண்டாவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றனர்.

1888இல் லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இல்லாததை உண்டென நினைத்தல், இல்லாத ஒலியைக் கேட்டல் போன்ற மனக்கோளாறுகள் இருந்தனவாக அதில் கண்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1891இல் ஜார்ஜ் மரே என்பவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசிமூலம் செலுத்தினார். நாற்பத்தாறு வயதில் நோயால் நலிந்திருந்த அவர் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1949இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், மனநோயாளிகள் என்று கருதப்பட்ட 14 பேருக்கு உண்மையில் தைராய்டுக் குறைவே இருந்ததென எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்தபின் அவர்களில் பெரும்பாலோர் தெளிந்தனர். இவை கடுமையான நிலையில் நேர்ந்தவை. இன்று நோயை முன்னதாகவே அறிந்துவிடுவதால் அவ்வளவு முற்றுவது அரிது.

மனத்தை அமைதிப்படுத்தும் செரடோனின், காபா முதலிய மூளைப் பொருள்களின் நடப்பில் தைராய்டுச் சுரப்புநீருக்குப் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இதனோடு வேறு இரண்டு வழிகளும் உள்ளன. முதலாவது, மறதியும் அசதியும் உறக்கக் கேடும் சேர்ந்தால், “எனக்கு என்ன ஆகிறதோ” என்ற கவலை தானாகவே பிறக்கும். இரண்டாவது, சுரப்பி சிதையத் தொடங்கும்போது அதில் சேமித்திருந்த நீர் ஒருங்கே இரத்தத்தில் கசிந்து சில வாரங்கள் படபடப்பை உண்டாக்கலாம்; அதன்பின் குறைவு தொடரும். பிரசவமான சில மாதங்களில் இது சில தாய்மாருக்கு நேர்கிறது. பிள்ளை பெற்றவள் கலங்கினால் “பிள்ளைப்பேற்றுக்குப் பின் இப்படித்தான்” என்று தள்ளிவிடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கலக்கமும் தைராய்டு அன்று

2018இல், 36,000க்கு மேற்பட்டோரைப் பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர், சுரப்பியை உடலே தாக்கும் நோயுற்றவரிடம் கலக்க நோயின் வாய்ப்பு மற்றவரினும் இருமடங்குக்கு மேல் உள்ளதென்று கூறினர். 2021இல் வேறொரு பெரிய தொகுப்பாய்வு, தைராய்டுக் குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு முன்பு நினைத்ததைவிடச் சிறியதே எனக் காட்டிற்று. ஆகவே இத்தொடர்பை ஒதுக்கவும் வேண்டா, பெரிதுபடுத்தவும் வேண்டா. பஞ்சு விலை ஏறியும் பட்டுக்கூட்டுக்கு விலை கிடையாமலும் வரும் கவலையைத் தைராய்டு மாத்திரை தீர்க்காது. சுரப்பி சரியாக இருந்தும் கலக்கம் நீங்காவிடில் மனநல வைத்தியரிடம் செல்வதே முறை. இரண்டும் இருப்பின் இரண்டுக்கும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். ஒன்றைத் தொடங்கியதும் மற்றொன்றைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது.

சோதனையும் மருந்தும்

இரத்தத்தில் டி.எஸ்.எச்.சும் தைராக்சினும் எவ்வளவு என்று பார்த்தால் குறைவு தெரிந்துவிடும். டி.எஸ்.எச். சற்றே கூடி, தைராக்சின் சரியாக இருக்கும் முதியோர்க்குப் பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. சில மாதம் கழித்து மறுபடி சோதித்தால் போதும். குறைவு உறுதியானவர்க்குத் தைராக்சின் மாத்திரை தரப்படும். அதில் மனத்தில் கொள்ள வேண்டியவை சில:

வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கொள்ள வேண்டும். காப்பியும் தேநீரும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் இடைவெளி விட்டே உட்கொள்ள வேண்டும்.

பலன் இரண்டு நாளில் தெரியாது. மாத்திரை உடலில் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின் மறுபடி இரத்தத்தைச் சோதித்து அளவைச் சரிசெய்வார்கள்.

விரைவில் குணமாகட்டும் என்று அளவைக் கூட்டலாகாது. அளவு மிகுந்தால் நெஞ்சு படபடப்பும் நடுக்கமும் கலக்கமும் வரும். நீக்க வந்ததே நோயை வளர்க்கும். நாளடைவில் எலும்பும் இதயமும் கெடலாம்.

கருவுற்ற பெண்கள் உடனே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். அப்போது அளவு பெரும்பாலும் கூடும்.

உப்பைப் பற்றி ஒரு சொல்

இமயத்தின் அடிவாரத்தில் அயோடின் குறைந்த மண்ணால் கழுத்துக் கழலை பரவியிருந்தது. காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்து ஆராய்ந்தபின், 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. கடலோரம் வாழும் நமக்கு இது வேண்டுவதில்லை என எண்ணலாகாது. 2018-19இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 62 சதவீதம் அளவே. பெரிய மாநிலங்களில் நாமே கடைசி. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைகிற மாநிலத்துக்கு இது பெருமை தருவதன்று. வீட்டில் பயன்படுத்தும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அதனை மூடிய கலத்தில், அடுப்பின் வெம்மை படாமல் வைத்து, சமையலின் முடிவில் சேர்த்தால் அயோடின் வீணாகாது. ஏற்கெனவே தைராய்டு நோயுற்றவர்கள் அயோடின் சொட்டு மருந்துகளைத் தாமாக வாங்கி உட்கொள்வது கெடுதல்.

கூட்டுறவுப் பண்டகசாலைகள் இதில் ஒரு பணி ஆற்றலாம். தேனாம்பேட்டைக் காமதேனு கூட்டுறவு அங்காடி முதல் சிற்றூர்ப் பண்டகசாலை வரை, அலமாரியில் உப்பை எடுக்கும்போதே உறையில் அயோடின் குறிப்பு உள்ளதா என்று பார்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவ வேண்டும். சங்கச் செயலாளர்களும் மருத்துவ முகாம் ஏற்பாடு செய்கையில் தைராய்டுச் சோதனையையும் சேர்க்குமாறு வேண்டுகிறோம்.

நம் சகோதரிகளில் ஒருத்தி தறியில் கை தளர்ந்தால், “ஏன் வேலை ஓடவில்லை?” என்று அதட்டுமுன் “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். கலங்கியவளை மந்திரவாதியிடம் அழைத்துச் செல்லுமுன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். ஒருவர் துன்பத்தை மற்றவர் தாங்குவது கூட்டுறவின் கொள்கையாயின், அது பங்குத்தொகையோடு முடிந்துவிடலாகாது.