பழைய ‘ஓபன் டாப்’ ஸ்போர்ட்ஸ் கார்: குறைந்த விலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் செலவுகள் என்னென்ன?

புதுடெல்லி: கூரையைத் திறந்து மூடக்கூடிய இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஒரு காலத்தில் திரைப்படங்களிலும் பெருஞ்செல்வந்தர்களின் வீட்டு வாசலிலும் மட்டுமே காணக்கூடியதாக இருந்தது. இன்று நிலைமை மாறியுள்ளது. டெல்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களின் பழைய கார் சந்தையில், பத்தாண்டுகளைக் கடந்த பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர் ஆகியவை ஒரு புதிய எஸ்யுவியின் விலைக்கே விற்பனைக்கு வருகின்றன. வார இறுதி உலாவுக்கு மட்டுமல்லாமல், தினமும் அலுவலகம் சென்று வரவும் இவற்றை வாங்கலாமா என்று யோசிப்போர் உள்ளனர்.

வாங்கலாம். ஆனால் ஓர் உண்மையை முதலில் உணர வேண்டும். இறங்கியிருப்பது காரின் விலை மட்டுமே. அதன் உதிரிபாகங்களின் விலையோ, பராமரிப்புச் செலவோ, வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்யும்போது கட்ட வேண்டிய வரியின் அடிப்படையோ அதற்கு இணையாக இறங்குவதில்லை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் வாங்குபவர், காரை ஓட்டும் நாட்களைவிடப் பணிமனையில் நிறுத்தி வைக்கும் நாட்களே அதிகம் என்ற நிலைக்குத் தள்ளப்படலாம்.

விலை ஏன் இவ்வளவு சரிகிறது?

இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய காரை வாங்க முன்வருவோர் நம் நாட்டில் மிகச் சிலரே. 1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் நிறுவனம் ‘சான் ஸ்டார்ம்’ என்ற ஃபைபர் உடல் கொண்ட திறந்த கூரைக் காரை, ரெனோவின் சிறிய பெட்ரோல் என்ஜினுடன் உள்நாட்டிலேயே தயாரித்தது. அதுவும் பெரிய சந்தையைப் பிடிக்கவில்லை. அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் வெளிநாட்டில் முழுமையாகத் தயாரிக்கப்பட்டு இறக்குமதியானவை. உதாரணமாக, 2019 ஏப்ரலில் இந்தியாவில் அறிமுகமான தலைமுறை இசட்4, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரிக்கப்பட்டது. அறிமுகத்தின்போது அதன் தொடக்க ஷோரூம் விலை 64.90 லட்சம் ரூபாய்.

முதல் உரிமையாளர் கட்டிய இறக்குமதி வரி அடுத்தவருக்கு விற்கும்போது திரும்பக் கிடைப்பதில்லை. வாங்குவோரும் குறைவு. எனவே விலை வேகமாகச் சரிகிறது. ஆனால் பழுதடைந்த கூரை மோட்டாரையோ முகப்பு விளக்கையோ மாற்ற நேர்ந்தால், அந்தப் பாகம் 60, 70 லட்சம் ரூபாய் காருக்குரிய விலையிலேயே வரும். கையிருப்பில் இல்லையெனில் வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரிடும். தினசரிப் பயணத்துக்கு இதுவே ஒரே கார் என்றால், அந்தக் காத்திருப்பும் ஒரு செலவுதான்.

துணிக் கூரையா, உலோகக் கூரையா?

பயன்படுத்திய ரோட்ஸ்டர் கார்களில் முதலில் சோதிக்க வேண்டியது என்ஜினை அல்ல, கூரையை. கூரைகள் இரு வகை. பாக்ஸ்டரின் எல்லாத் தலைமுறைகளிலும், 2019-க்குப் பிந்தைய இசட்4 காரிலும் இருப்பது துணிக் கூரை. மெர்சிடிஸ் எஸ்எல்கே, அதன் பின்னவரான எஸ்எல்சி, 2009 முதல் 2016 வரை தயாரான இசட்4 ஆகியவற்றில் இருப்பது மடிந்து டிக்கிக்குள் சென்றுவிடும் உலோகக் கூரை.

உலோகக் கூரை மூடியிருக்கும்போது சாதாரண காரைப் போன்றே இருக்கும். ஒலி குறைவு, திருட்டு அச்சமும் குறைவு. திறந்தவெளியில் காரை நிறுத்துவோருக்கு இதுவே ஏற்றது. ஆனால் கூரையைத் திறந்தால் டிக்கியின் பெரும் பகுதியை அது ஆக்கிரமித்துக்கொள்ளும். 2009 தலைமுறை இசட்4 காரில் கூரை மூடியிருக்கையில் 310 லிட்டர் இடம் உண்டு. திறந்தால் அது 180 லிட்டராகச் சுருங்கிவிடும். துணிக் கூரை கொண்ட 2019 தலைமுறை இசட்4 காரில் எந்நிலையிலும் 281 லிட்டர் இடம் கிடைக்கிறது. என்ஜின் நடுவில் அமைந்த பாக்ஸ்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு சிறிய டிக்கிகள் உள்ளன. மடிக்கணினிப் பை, மதிய உணவு, திரும்பும் வழியில் வாங்கும் காய்கறி ஆகியவற்றுக்கு இவை போதும். பெரிய சூட்கேஸுக்குப் போதாது.

உலோகக் கூரையை இயக்குவது ஹைட்ராலிக் அமைப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் சிலிண்டர்களில் எண்ணெய்க் கசிவு ஏற்படலாம். கூரையின் உள்புறத்திலோ, சூரிய ஒளித் தடுப்புத் தகட்டிலோ எண்ணெய்க் கறை தெரிந்தால் அது எச்சரிக்கை. துணிக் கூரையில் தையல் விடுதல், பின்புறக் கண்ணாடியின் ஓரம் பிரிதல், மடிப்புகளில் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இரு வகைக்கும் பொதுவான பகை, அடைபட்ட வடிகால். கூரையின் விளிம்பில் விழும் நீரைக் கீழே கொண்டு செல்லும் மெல்லிய குழாய்களில் இலைச் சருகும் தூசியும் சேர்ந்தால் நீர் உள்ளேயே தேங்கும். 2002 முதல் 2008 வரை தயாரான முதல் தலைமுறை இசட்4 காரில் கூரையை இயக்கும் மோட்டார் இத்தகைய நீர் தேங்கும் பள்ளத்தின் அருகிலேயே அமைந்திருந்ததால், வடிகால் அடைபட்டு மோட்டார் மூழ்கிப் பழுதாவது அந்தக் காரின் நன்கறியப்பட்ட குறை. மரத்தடியில் நிறுத்தப்பட்ட கார் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஊருக்கு ஏற்ற கார்

கூரையைத் திறந்து ஓட்டும் நாட்கள் ஆண்டில் எத்தனை என்பது ஊரைப் பொறுத்தது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள பெங்களூருவில் காலை, மாலை வேளைகள் பெரும்பாலான மாதங்களில் இதமாக இருக்கும். மும்பையில் தென்மேற்குப் பருவமழையின் நான்கு மாதங்களில் மட்டும் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த மாதங்களில் கூரை திறப்பதற்கல்ல, ஒழுகாமல் இருப்பதற்கே தேவை. டெல்லியில் கோடை வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். குளிர்காலத்தில் காற்று மாசு கடுமையாகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களும் மழை ஓய்ந்த பின்னான சில வாரங்களுமே அங்கு உகந்தவை. டெல்லியின் பல பகுதிகளில் உள்ள குரங்குத் தொல்லையும் துணிக் கூரைக்கு ஆபத்தே.

மழை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் சுத்தம் செய்யப்பட்டு வேறு ஊர்களில் விற்பனைக்கு வருவதும் உண்டு. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் முழங்கால் அளவு நீரே இருக்கை வரை எட்டிவிடும். தரை விரிப்பைத் தூக்கி அடியில் ஈரமோ சேற்றுப் படிவமோ உள்ளதா, இருக்கைத் தண்டவாளங்களில் துரு உள்ளதா, இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்தால் கறைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது அவசியம்.

வேகத்தடை என்னும் சோதனை

இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலின்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரமே இருக்க வேண்டும். இசட்4 போன்ற காரின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 11 முதல் 12 சென்டிமீட்டர். அதாவது, விதிப்படி அமைந்த வேகத்தடையைத் தாண்டுவதற்கே இடைவெளி மிகக் குறைவு. விதியை மீறி, குறுகலாகவும் செங்குத்தாகவும் எழுப்பப்பட்ட வேகத்தடைகள் தெருவுக்குத் தெரு உள்ளன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இந்தக் கார்களில் குறைவு என்பது ஓரளவு உதவும். எனினும் காரை ஹாய்ஸ்டில் ஏற்றி, முன் பம்பரின் அடிப்பகுதி, என்ஜின் அடித்தகடு, புகைப்போக்கிக் குழாய் ஆகியவற்றில் உள்ள கீறல்களைப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது.

பல பிஎம்டபிள்யூ மாடல்களில் காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ‘ரன்-பிளாட்’ டயர்கள் பொருத்தப்பட்டுள்ளன. மாற்றுச் சக்கரம் கிடையாது. பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் புதிய டயரே வழி. டயரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத கார் என்று பெருமையாக விற்கப்படும் கார்களில், பட்டை தேயாமலே வயதாகி இறுகிய டயர்கள் இருக்கக்கூடும்.

என்ஜின்: மாடலுக்கு ஒரு குறை

பாக்ஸ்டர் வாங்க நினைப்போர் தயாரிப்பு ஆண்டைக் கவனிக்க வேண்டும். 2008 வரையிலான என்ஜின்களில் இடைத்தண்டின் பேரிங் தேய்ந்து உடைந்தால் முழு என்ஜினும் சேதமடையும் அபாயம் இருந்தது. 2009-இல் வந்த புதிய என்ஜினில் அந்தப் பாகமே இல்லை. இசட்4 35ஐ மாடலில் உள்ள இரட்டை டர்போ என்ஜினில் உயர் அழுத்த எரிபொருள் பம்பும் மின்சாரத் தண்ணீர் பம்பும் பழுதாவது நன்கறியப்பட்டவை. இவை மாற்றப்பட்டதற்கான ரசீது இருந்தால், அதற்காகச் சற்று அதிக விலை கொடுப்பதிலும் தவறில்லை.

கிலோமீட்டர் குறைவு என்பது மட்டுமே நல்ல காருக்கு அடையாளம் அல்ல. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் ஓட்டப்பட்ட காரில் பேட்டரி, ரப்பர் உறைகள், பிரேக் திரவம் ஆகியவை ஓடாமலே கெட்டுப்போகும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நாடெங்கும் விற்பனையாகிறது. பழைய இறக்குமதி கார்களின் கையேட்டில் எத்தனால் வரம்பு 10 சதவீதம் என்று இருக்கலாம். எரிபொருள் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பார்த்து முடிவு செய்வது நல்லது.

வேறு மாநில கார்: வரிக்கணக்கு

டெல்லியில் விலை குறைவாகத் தெரிவதற்கு வரியும் ஒரு காரணம். அங்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தனியார் பெட்ரோல் காருக்கு சாலை வரி 10 சதவீதம். கர்நாடகத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் அது 20 சதவீதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் காருக்கு அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும். அப்போது வரி காரின் வயதுக்கேற்பக் குறைக்கப்பட்டாலும், பொதுவாக அதற்கு அடிப்படையாக அமைவது நீங்கள் கொடுத்த விலை அல்ல; அது புதிய காராக இருந்தபோதைய விலை. முந்தைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சிய பகுதியைத் திரும்பப் பெறத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

வரியைத் தவிர்க்க, வரி குறைந்த இடங்களில் போலி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாக 2017-இல் கேரளத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. பதிவுச் சான்றிதழில் உள்ள முகவரியில் விற்பவர் உண்மையிலேயே வசித்தாரா என்பதை வாங்குபவர் கேட்டறிவது தற்காப்பாகும்.

டெல்லி தலைநகர் வலயத்தில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களுக்கும் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் கார்களுக்கும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2025-இல் இதில் தளர்வு அளித்த நீதிமன்றம், பின்னர் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரத்திலான வாகனங்களுக்கே பொருந்தும் என வரையறுத்தது. எனவே வயதோடு, மாசு உமிழ்வுத் தரத்தையும் பார்க்க வேண்டும். 15 ஆண்டு நிறைவில் பதிவைப் புதுப்பிக்க, இறக்குமதி செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 40,000 ரூபாய் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆவணங்களில் அலட்சியம் வேண்டாம்

• சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் காரில் நேரில் பார்த்து, பதிவுச் சான்றிதழுடனும் பரிவாகன் தளத்தில் உள்ள விவரங்களுடனும் ஒப்பிட வேண்டும்.

• வங்கிக் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. வேறு மாநிலம் என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. வாங்கியவர் 30 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

• பெயர் மாற்றம் முடியும் வரை சட்டத்தின் கண்ணில் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்பவருக்கும் இது எச்சரிக்கை.

• காப்பீட்டில் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு புதிய உரிமையாளருக்கு மாறிவிடும். சொந்த கார் சேதத்துக்கான காப்பீட்டை 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளாவிட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி பழைய உரிமையாளருடையது; காருடன் வராது.

• வாகனத்தின் அடிப்படை அமைப்பில் செய்யப்படும் மாற்றங்கள் சட்டவிரோதம் என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தாழ்த்தப்பட்ட சஸ்பென்ஷன், மாற்றப்பட்ட புகைப்போக்கி உள்ள காரைத் தவிர்ப்பதே நலம்.

கையெழுத்துக்கு முன் ஒரு நாள்

என்ஜின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும் நிலையில் முதல் முறை இயக்கிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த கார் தன் குறைகளை மறைத்துவிடும். கூரையை அடுத்தடுத்து மூன்று முறை திறந்து மூட வேண்டும். மூடிய கூரையின் மேல் பத்து நிமிடம் நீர் தெளித்து, உள்ளே தரை விரிப்பைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தின் கணினி ஆய்வுக் கருவி உள்ள பணிமனையில் பிழைக் குறிப்புகளைப் படிக்கச் செய்ய வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீடு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்னிருக்கை இல்லாத இந்தக் காரில் குழந்தை முன்னால்தான் அமர முடியும். பயணி பக்க ஏர்பேக் செயல்பாட்டில் இருக்கும்போது, பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே வைப்பது உயிருக்கு ஆபத்தானது. அந்த ஏர்பேக்கை நிறுத்தி வைக்கும் வசதி உள்ளதா என்று கேட்டறிய வேண்டும்.

நிறைவாக, விற்பவர் காட்டும் அகலமான சாலையில் அல்ல, தாங்கள் தினமும் செல்லும் வழியில் காரை ஓட்டிப் பார்ப்பதே சிறந்த சோதனை. வீட்டின் சரிவுப் பாதை, தெரு முனை வேகத்தடை, அலுவலகத்தின் அடித்தள வாகன நிறுத்தம், பேருந்துகளுக்கு இடையே தாழ்ந்த இருக்கையிலிருந்து கிடைக்கும் பார்வை ஆகிய நான்கிலும் சிரமமின்றித் தேறினால்தான் அது தினசரிக் கார். கார் வாங்கும் தொகையிலேயே எல்லாப் பணத்தையும் செலவழிக்காமல், முதல் ஆண்டின் பழுதுபார்ப்புக்கென ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருப்போருக்கு, பழைய ரோட்ஸ்டர் தலைவலியாக மாறும் வாய்ப்பு குறைவு.