பட்டாளத்துப் பொங்கல் யாருடைய பொங்கல்?

ராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் இணையப் பதிவு முடியும் நாள் நெருங்கினால் புதுச்சேரி பத்திரிகை அலுவலகங்களுக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். உயரம், வயது, 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பற்றியெல்லாம் யாரும் கேட்பதில்லை. அதைப் பயிற்சி மையத்துப் பையன்களே தலைகீழாக ஒப்பிப்பார்கள். இம்முறை நோணாங்குப்பத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள் வேறு ரகம். மகன் சேர்ந்தால் முதல் வருடமே பொங்கலுக்கு வீட்டுக்கு வருவானா என்று ஒரு தாய் கேட்கிறார். படையில் எல்லோரும் கோயிலுக்குள் போயாக வேண்டுமாமே, நிஜமா என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பம் கேட்கிறது. மூன்றாவது ஒரு சொல்தா வீட்டுக் கடிதம்; பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரிக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரன் அந்த நாட்டு ராணுவத்தில் சேரப் போகிறானாம். அங்கே தீபாவளி உண்டா என்று தாத்தா அறிய விரும்புகிறார்.

ஒரே ஊரிலிருந்து இரண்டு நாட்டு ராணுவத்தைப் பற்றியும் கேள்வி வருவது புதுச்சேரிக்கே உரிய வசதி.

தாயின் கேள்விக்குப் பதில் சுருக்கமானது, இனிப்பானதல்ல. அக்னிவீருக்கு ஆண்டுக்கு 30 நாள் லீவு. மருத்துவர் சொன்னால் அதற்கு மேல் மருத்துவ விடுப்பு கிடைக்கும். வழக்கமான சிப்பாய்க்கு வருடாந்திர விடுப்பும் தற்செயல் விடுப்பும் சேர்ந்து 90 நாள் வரும். அந்த 30 நாளையும் எப்போது எடுப்பது என்பதை முடிவு செய்வது யூனிட். பணித் தேவைக்கு உட்பட்டு என்ற வால் எல்லா லீவு விதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கம்பெனியிலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் வெளியே போகலாம் என்று கணக்கு உண்டு. பொங்கலுக்கு எல்லாத் தமிழனும் ரயிலேறிவிட முடியாது.

ஆனால், மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தால் பொங்கல் அவன் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். 1758-இல் வேர்விட்டு, இன்று நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படையில் பொங்கலும் ஓணமும் யூனிட் நிகழ்ச்சிகள். அன்று பரா கானா என்னும் பெருவிருந்து நடக்கும். அதிகாரிகள் ஜவான்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சில நேரம் அவர்களே கரண்டி பிடித்துப் பரிமாறுவார்கள். வீட்டுப் பொங்கலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பண்டிகை சிப்பாயின் விருப்ப நாள் அல்ல, யூனிட்டின் நாள். அவன் அங்கே நிற்பது அவன் சாமிக்காக மட்டுமல்ல, அவன் பிளட்டூனுக்காகவும்தான்.

ராணுவத்துக்கு மதம் கிடையாது என்று டெல்லியில் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் மற்றது எதுவும் புரியாது. இந்திய ராணுவம் மதத்தை வாசலில் கழற்றி வைக்கச் சொல்வதில்லை. உள்ளே அழைத்து, பதவி கொடுத்து, சம்பளமும் கொடுக்கிறது. மத ஆசிரியர் என்றே ஒரு பணியிடம் உண்டு. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், லடாக் படைக்குப் பௌத்தத் துறவி என்று விளம்பரம் வரும். சேருபவருக்கு நாயப் சுபேதார் பதவி. பூஜை செய்வது, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்ப்பது, இறந்தவருக்குச் சடங்கு நடத்துவது எல்லாம் அவருடைய அரசாங்க வேலை. மெட்ராஸ் ரெஜிமென்டின் இலட்சிய வாசகமே கீதையிலிருந்து எடுத்தது. போரில் எழுப்பும் குரல் மட்டும் நல்ல வேளையாகத் தமிழில் இருக்கிறது: வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!

இந்த ஏற்பாட்டின் அச்சாணி, யூனிட் அணிவகுத்து வழிபாட்டுக்குப் போகும் வாராந்திர மதப் பரேடு. அதுதான் இரண்டாவது கடிதத்தின் விஷயம், இந்தக் கட்டுரை அதிகம் நிற்கப்போகும் இடமும் அதுவே.

காலாட்படையிலும் கவசப் படையிலும் பல யூனிட்டுகள் இன்னும் வகுப்பு வாரியாக அமைந்தவை. ஒரு ஸ்குவாட்ரன் முழுக்க சீக்கியர், இன்னொன்று ஜாட், மற்றொன்று ராஜ்புத் என்று இருக்கும். அதிகாரிகள் அப்படி இல்லை. எந்த ஊர், எந்த மதத்துக்காரரும் எந்த யூனிட்டுக்கும் போவார். அங்கே போனபின் அவர் தன் ஆட்களின் மதத்தைத் தன் மதமாக நடத்த வேண்டும் என்பது மரபு. சீக்கிய வீரர்களை நடத்தும் தமிழ் அதிகாரி குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு உட்கார்வார். முஸ்லிம் அதிகாரி ஆரத்தித் தட்டைத் தொடுவார். தன் சொல்லைக் கேட்டுக் குண்டுக்கு முன்னால் போகப் போகிறவன், கடைசியாக யாரை நினைப்பானோ அந்தச் சன்னதியில் அதிகாரியும் நின்றிருக்க வேண்டும் என்பது இதன் தர்க்கம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. பல மதத்தாரை ஒரே படையில் கட்டி வைக்க, எல்லோரையும் ஒன்றுபோல மாற்றாமல், தலைவனை மட்டும் வளையச் சொல்கிறது.

வளைய முடியாதவர் வந்தால்?

லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் 2017-இல் 3-ஆவது கேவல்ரி ரெஜிமென்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். சீக்கிய வீரர்கள் அடங்கிய ஸ்குவாட்ரனில் டிரூப் லீடர். அவர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். ரெஜிமென்டில் மந்திரும் குருத்வாராவும் மட்டுமே இருந்தன, எல்லா மதத்துக்கும் பொதுவான சர்வ தர்ம ஸ்தலம் இல்லை என்பது அவருடைய வாதம். வாராவாரம் தன் வீரர்களோடு பரேடாகப் போவார், ஷூவைக் கழற்றுவார், தேவைப்பட்டால் தலைப்பாகை கட்டுவார், முற்றத்தில் நிற்பார். பூஜையும் ஆரத்தியும் நடக்கும்போது கருவறைக்குள் மட்டும் வர இயலாது என்றார். தன் ஒரே கடவுள் நம்பிக்கைக்கு அது எதிரானது, நம்பாமல் சடங்கு செய்தால் வீரர்களின் பக்தியையும் அவமதித்ததாகும் என்பது அவர் சொன்ன காரணம்.

மேலதிகாரிகள் பலமுறை பேசிப் பார்த்ததாக ராணுவம் சொன்னது. ஒரு பாதிரியாரிடமும் பேச வைத்தார்கள். உள்ளே போவதால் விசுவாசத்துக்குப் பங்கம் வராது என்று அவர் சொன்னார். கமலேசன் அசையவில்லை. 2021 மார்ச்சில் பணி நீக்கம் செய்யப்பட்டார். கோர்ட் மார்ஷல் நடக்கவில்லை. ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் இல்லை. 2025 மே 30-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை உறுதி செய்தது. சட்டப்படி வந்த மேலதிகாரியின் ஆணைக்கு மேலாக அவர் தன் மதத்தை வைத்தார், அது ஒழுங்கீனம் என்றது தீர்ப்பு. ரெஜிமென்டுகளின் பெயரிலும் போர்க்குரலிலும் மத வாசனை இருப்பதால் படையின் மதச்சார்பின்மை கெட்டுவிடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2025 நவம்பர் 25-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. தலைமை நீதிபதி சூர்ய காந்த் அமர்வு, அவர் ராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்று கண்டித்தே அனுப்பியது.

ஒழுங்கு முக்கியம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி என்பது எல்லோருக்கும் ஒரே விலை ஆகாது. வீட்டில் பத்துச் சாமி படம் மாட்டியிருப்பவருக்குப் பதினொன்றாவது சன்னதியில் கும்பிடுவது பெரிய காரியமில்லை. ஒரே கடவுள் என்று வளர்ந்தவருக்கு அதே பத்தடி தூரம் மொத்த நம்பிக்கையையும் கேட்கிறது. நடுநிலை என்று சொல்லப்படும் இந்த மரபு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை நீதிமன்றம் எடை போடவில்லை. ஆணை மீறப்பட்டதா என்று மட்டும் பார்த்தது. முற்றத்தில் நின்றவரால் அந்த ஸ்குவாட்ரனுக்குப் போரிடும் திறன் குறைந்ததா என்ற கேள்வியை, நேரடியாக அளந்து பார்க்க எந்த வழியும் இல்லாத கேள்வியை, ராணுவத்தின் கணிப்புக்கே விட்டுவிட்டது.

நோணாங்குப்பம் குடும்பத்துக்கு இதில் பொருந்துவது என்ன? வழக்கு அதிகாரியைப் பற்றியது. புதிதாகச் சேரும் ஜவான் யாரையும் முன்னால் நின்று நடத்தப் போவதில்லை. பாதிரியார் இருக்கும் யூனிட், சர்வ தர்ம ஸ்தலம் இருக்கும் முகாம் என்றால் சிக்கலே எழாமல் போகலாம். ஆனால் நம்பிக்கையைவிட ஆணை பெரிது என்ற வாதம் அதிகாரிகளோடு நின்றுவிடுவதல்ல. கையெழுத்துப் போடுமுன் பையன் அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனி சொல்தா வீட்டுத் தாத்தா. அவருக்குப் பதில் சொல்ல ஒரு படம் உதவும். 2019 அக்டோபர் 8, விஜயதசமி. பிரான்சின் போர்தோ அருகே மெரிஞ்ஞாக்கில் உள்ள தசோ தொழிற்சாலையில் இந்தியாவின் முதல் ரஃபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அதன் மீது ஓம் எழுதி, பூவும் தேங்காயும் வைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நம் ஊரில் புது டாடா ஏஸுக்குச் செய்வதேதான். பக்கத்தில் பிரெஞ்சு விருந்தினர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் நாட்டு அமைச்சர் பதவி முறையில் எந்த மதச் சடங்கையும் இப்படி நடத்தினால் மறுநாள் பத்திரிகைகள் கிழித்துவிடும்.

பிரெஞ்சுச் சட்டம் அப்படி. 1905-இல் அரசும் திருச்சபையும் பிரிந்தன. ராணுவத்தாருக்கு எந்த நம்பிக்கையும் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் உண்டு. அதை வெளிக்காட்டுவது பணிக்கு வெளியே, ராணுவத்துக்கு உரிய அடக்கத்தோடு. முகாமுக்குள்ளும் கப்பலிலும் வழிபாடு செய்யத் தடையில்லை. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், யூத மதகுருக்கள் நெடுநாளாக உண்டு. 2005-இல் முஸ்லிம் மதகுருப் பிரிவும் வந்தது. இந்துக்களுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. பேரன் தீபாவளிக்கு லீவு கேட்கலாம், அறையில் விளக்கேற்றலாம். யூனிட் அவனுக்காகப் பட்டாசு வெடிக்காது.

இதைக் கேட்டு பிரெஞ்சு ராணுவம் சாமியே இல்லாத இடம் என்று தாத்தா நினைத்துவிட வேண்டாம். பாராசூட் வீரர்கள் செப்டம்பர் 29-இல் புனித மிக்கேலைக் கொண்டாடுகிறார்கள். பீரங்கிப் படைக்கு டிசம்பர் 4 புனித பார்பரா நாள். பழைய சொல்தாக்கள் பலர் பணியாற்றிய காலனிப் படையின் இன்றைய வாரிசுகள், 1870-இல் பாசெய் கிராமத்தில் நடந்த சண்டையை ஆண்டுதோறும் நினைவுகூருகிறார்கள். அவர்கள் விழாக்களை முடிக்கும் கோஷமே கடவுளின் பெயரால் காலனிப் படை வாழ்க என்பதுதான். மதச்சார்பற்ற ராணுவம் இதை மதம் என்று சொல்வதில்லை, மரபு என்கிறது. உன்னுடையது மதம், என்னுடையது மரபு என்பது பாரிசுக்கும் டெல்லிக்கும் பொதுவான சாமர்த்தியம்.

தாத்தாவுக்கே இது புதிதாக இருக்காது. கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவகத்தில் ஜூலை 14-க்கும் நவம்பர் 11-க்கும் பதக்கம் குத்திக்கொண்டு நிற்பவர்கள் இரண்டு நாட்டுக் கீதத்துக்கும் விறைப்பாக நிற்கிறார்கள். இரண்டு நாட்டோடும் உள்ள அந்த உறவு அவர்களுக்குச் சும்மா வந்ததல்ல. 1881-இன் ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போனவர்களின் வழித்தோன்றல்கள் அந்த வரிசையில் பலர்.

வேறு கடிதங்களில் வந்த கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்.

அமெரிக்க ராணுவத்தில் பாரம்பரிய மாதங்கள் கொண்டாடுகிறார்களாமே? கொண்டாடினார்கள். கறுப்பின வரலாற்று மாதம், ஆசிய அமெரிக்கர் மாதம் போன்றவற்றுக்கு அரசு நேரத்தையும் பணத்தையும் செலவிடக் கூடாது என்று 2025 ஜனவரி 31-இல் பாதுகாப்புத் துறை உத்தரவு போட்டது. சொந்த நேரத்தில் போய்க்கொள்ளலாம்.

சபரிமலைக்கு மாலை போட்டால் தாடி விடலாமா? விமானப் படையில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடி வெட்டுவதையோ மழிப்பதையோ தடை செய்யும் மதத்தவருக்கே விலக்கு. 2016-இல் ஒரு முஸ்லிம் வீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கடற்படை தாடி விஷயத்தில் தாராளம்.

அக்னிவீர் வந்தபின் மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழர்கள் இருப்பார்களா? அனைத்திந்திய, அனைத்து வகுப்பு ஆள்சேர்ப்பு என்று 2022-இல் அறிவித்தார்கள். ரெஜிமென்ட் முறை தொடரும் என்றும் உடனே சொன்னார்கள். இரண்டும் எப்படிச் சேர்ந்து ஓடும் என்பதை இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.

மதமே இல்லாத ராணுவம் விண்ணப்பத்தில் ஏன் மதச் சான்று கேட்கிறது? 2022 ஜூலையில் இதே கேள்வி பெரிதாக எழுந்தபோது ராணுவம் தந்த விளக்கம், பயிற்சியிலோ பணியிலோ இறப்பவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு செய்ய வேண்டியிருக்கிறது என்பது. சாதிச் சான்றிதழிலேயே மதம் குறிப்பிட்டிருந்தால் தனியாக வாங்க வேண்டியதில்லை. இல்லையென்றால் தாசில்தார் அலுவலகத்தில் வாங்க வேண்டும். அங்கே அலைவதற்கு ஆகும் நாளையும் கணக்கில் வைத்துக்கொண்டு, கடைசி வாரம் வரை காத்திருக்காமல் இப்போதே மனு கொடுத்துவிடுங்கள்.