தீவனமா, களையா?

செங்கற்பட்டில் பேருந்து ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை சன்னலோரம் உட்கார்ந்து ஏரிக்கரைகளைப் பாருங்கள். மஞ்சள் நெற்றுகள் தொங்கும் முள்மரம் கண்ணில் படும். அதுதான் வேலிகாத்தான், தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள். இது நம் நாட்டு மரம் அன்று. விறகுக்காக 1876-இல் சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் இதன் விதையை வரவழைக்கச் சொன்னார்; மறு ஆண்டே நடவு தொடங்கிற்று.

பிறகு பரப்பும் வேலையை ஆடுமாடுகள் ஏற்றுக்கொண்டன. இனிப்பான நெற்றை அவை விரும்பித் தின்னும். கெட்டியான விதையோ செரிக்காமல் சாணத்தோடு விழும். முளைக்க எருவும் கூடவே கிடைத்துவிடுகிறது!

வேலிகாத்தான் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தீவனப் பயிர்களான சூபாபுல், வேலிமசால், முயல்மசால் ஆகியவையும் அதே குடும்பமே. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் இவற்றின் தழையில் புரதம் மிகுதி. கறவை மாடு வைத்திருப்பவருக்கு இது பெரிய உதவி.

அப்படியானால் சிக்கல் எங்கே? நல்ல தீவனச் செடி வறட்சியைத் தாங்க வேண்டும், வெட்ட வெட்டத் துளிர்க்க வேண்டும், நிறைய விதை தர வேண்டும். களைச்செடியின் இலக்கணமும் இதுதானே! 1947 முதல் 1985 வரை ஆஸ்திரேலியாவின் வட பகுதிக்கு 463 வகைப் புற்களும் பயறினச் செடிகளும் மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்டன. 1994-இல் லான்ஸ்டேல் என்ற விஞ்ஞானி கணக்குப் பார்த்தார். பயன்பட்டவை 21, களையானவை 60. அந்த 21-இலும் 17 களைகளாகவும் இருந்தன. தொல்லையின்றிப் பயன் தந்தவை நான்கே நான்கு!

1997 முதல் அந்நாட்டில் புதிய செடிகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. மொத்தம் 49 கேள்விகள். வேறெங்காவது களையாகியிருக்கிறதா? முள் உண்டா? விலங்கின் வயிற்றில் விதை பிழைக்குமா? உங்கள் தேர்வுக்கு நேர்மாறாக, இதில் மதிப்பெண் கூடினால் தோல்வி. ஆறைத் தாண்டினால் அனுமதி கிடையாது.

சூபாபுலுக்கு நீங்களே தேர்வு வையுங்கள். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். விதைத்தோல் கெட்டி, ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தும் முளைக்கும். உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. முள் மட்டும் இல்லை. ஆனாலும் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காய் முற்றுமுன் தழையை வெட்டி மாட்டுக்குப் போடும் வீட்டில் அது அடங்கியே நிற்கும். கேட்பாரற்ற ஏரிக்கரையில் நட்டால்தான் வம்பு.

நெற்று உதிரும் காலத்தில், ஏரிக்கரையில் காய்ந்து கிடக்கும் சாணத்தை எடுத்துத் தொட்டி மண்ணில் உடைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். எத்தனை வேலிகாத்தான் முளைக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணியதும் மறவாமல் வேரோடு பிடுங்கிவிடுங்கள்!