சாவிக்கொத்து டார்ச்: 50 ரூபாயா, 500 ரூபாயா, 1,200 ரூபாயா? எதை வாங்கலாம்?



நம்ம சேனல்ல வழக்கமா சம்பளம், சேமிப்பு, லோன், இன்ஷூரன்ஸ் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு சாவிக்கொத்துல தொங்குற ஒரு குட்டி டார்ச்சைப் பத்திப் பார்க்கலாம். "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?"ன்னு தோணலாம். ஒரு பொருளோட உண்மையான விலை என்ன, விளம்பரத்துல போடுற நம்பரை எப்படிப் படிக்கணும், எந்த இடத்துல நிறுத்திக்கணும்? இந்த மூணையும் பழகிக்க இதைவிட மலிவான பாடம் கிடைக்காது. இங்க பழகினது நாளைக்கு பைக், லேப்டாப், ஏசி வாங்கும்போதும் உதவும்.

முதல் கேள்வி: போன்லயே டார்ச் இருக்கே?

நியாயமான கேள்வி. எந்தப் பொருள் வாங்குறதுக்கு முன்னாடியும் இதைத்தான் முதல்ல கேட்கணும்: கையில ஏற்கெனவே இருக்குற ஒண்ணு இந்த வேலையைச் செய்யுமா? பகல் ஷிஃப்ட், வெளிச்சமான தெரு, லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் இருக்குற அபார்ட்மென்ட். உங்க வாழ்க்கை இப்படின்னா, போன் டார்ச்சே தாராளம். காசை மிச்சம் பண்ணுங்க.

ஆனா கீழே இருக்குறதுல ரெண்டு உங்களுக்குப் பொருந்தினா, மேல படிங்க:

- செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றீங்க. ஆபீஸ் கேப் தெருமுனையில இறக்கி விட்டுடும்.
- தங்கியிருக்குறது பழைய வீட்டு மாடி போர்ஷன் இல்லன்னா பிஜி. படிக்கட்டு லைட் எப்ப எரியும்னு யாருக்கும் தெரியாது.
- பைக் பார்க்கிங் பேஸ்மென்ட்ல, அதுவும் இருட்டான மூலையில.
- வீட்டுக்கு வந்து சேரும்போது போன்ல சார்ஜ் 10 சதவீதத்துக்குக் கீழ.

கடைசிப் பாயிண்ட்தான் முக்கியம். இன்னைக்கு போன் வெறும் போன் இல்லையே. யுபிஐ அதுலதான், கேப் ஓடிபி அதுலதான், டிக்கெட் அதுலதான், வீட்டுக்கு "வந்துட்டேன்மா"ன்னு சொல்றதும் அதுலதான். டார்ச் போடுறப்போ இதுக்கெல்லாம் வேண்டிய சார்ஜைத்தான் எடுத்துச் செலவு பண்றோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னையில பல ஏரியாக்கள்ல நாள்கணக்குல கரண்ட் இல்ல. அந்த மாதிரி நேரத்துல போன்ல மிச்சம் இருக்குற ஒவ்வொரு சதவீதமும் ஒரு போன் கால். அதை பாத்ரூம் போக வெளிச்சத்துக்குச் செலவழிக்க மனசு வராது.

எமர்ஜென்சி ஃபண்டை சம்பள அக்கவுண்ட்லயே வெக்காதீங்க, தனியா வைங்கன்னு அடிக்கடி சொல்வோம் இல்லையா? அதே லாஜிக்தான். வெளிச்சத்துக்குன்னு ஒரு தனி பேட்டரி.

மூணு வகை டார்ச், மூணு வகை பேட்டரி

கடையில நூறு மாடல் இருந்தாலும், உள்ளே இருக்குற பேட்டரியை வெச்சுப் பார்த்தா சாவிக்கொத்து டார்ச் மூணே வகைதான்.

1. பட்டன் பேட்டரி டார்ச். ஃபேன்சி ஸ்டோர்ல, பஸ் ஸ்டாண்ட் கடையில தொங்குற ரகம். பெரும்பாலும் எல்ஆர்41, எல்ஆர்44 மாதிரி குட்டி பட்டன் செல் மூணு நாலு இருக்கும். இல்லன்னா பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதா ஒரு சிஆர்2032 இருக்கும். சின்னது, லேசானது, சாவித் துவாரம் பார்க்கப் போதுமான வெளிச்சம். எடை இருக்குறதே தெரியாது.

2. ஏஏஏ பேட்டரி டார்ச். டிவி ரிமோட்ல போடுறோமே, அதே சின்ன பேட்டரி ஒண்ணு. விரல் நீளம் இருக்கும். பெட்டிக்கடை, மளிகைக்கடை, மெடிக்கல் ஷாப்னு எங்க போனாலும் பேட்டரி கிடைக்கும். அவசரத்துக்கு ரிமோட்ல இருந்தே கழட்டிப் போட்டுக்கலாம். இதுதான் இதோட பெரிய பலம்.

3. யுஎஸ்பி சார்ஜ் டார்ச். உள்ளேயே லித்தியம் பேட்டரி. போன் சார்ஜர்லயே சார்ஜ் போட்டுக்கலாம். வெளிச்சம் நல்லா இருக்கும், பேட்டரி வாங்குற செலவே கிடையாது. ஆனா பெரும்பாலான மாடல்ல பேட்டரியை மாத்த முடியாது. சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினதும் பேட்டரி தளர ஆரம்பிக்கும். அது போச்சுன்னா டார்ச்சே போச்சு.

மூணு வருஷக் கணக்கு

விலைச்சீட்டுல இருக்குறது வாங்குற விலை மட்டும்தான். வெச்சுக்குற செலவையும் சேர்த்தாத்தான் உண்மையான விலை. ஒரு தோராயக் கணக்கு போடலாம். விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

ஒரு நாளைக்கு 2 நிமிஷம் பயன்படுத்துறீங்கன்னு வைங்க. வருஷத்துக்கு 730 நிமிஷம், அதாவது 12 மணி நேரம். மூணு வருஷத்துக்கு 36 மணி நேரம்.

- பட்டன் பேட்டரி: டார்ச் 50 ரூபாய். ஒரு செட் பேட்டரி 8 மணி நேரம் ஓடும்னு வெச்சுக்கிட்டா, முதல் செட் போக இன்னும் 4 செட் வேணும். செட் 60 ரூபாய்னா 240. மொத்தம் 290 ரூபாய்.
- ஏஏஏ: டார்ச் 500 ரூபாய். ஒரு பேட்டரி 5 மணி நேரம்னா 8 பேட்டரி. ஒண்ணு 30 ரூபாய்னா 240. மொத்தம் 740 ரூபாய்.
- யுஎஸ்பி: டார்ச் 1,200 ரூபாய். மூணு வருஷத்துக்கும் சேர்த்து கரண்ட் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. மொத்தம் 1,200 ரூபாய்.

1,095 நாளுக்கு வகுத்தா, முதல் டார்ச் ஒரு நாளைக்கு 26 பைசா, ரெண்டாவது 68 பைசா, மூணாவது ஒரு ரூபாய் 10 பைசா.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, 50 ரூபாய் டார்ச்சுக்கு வாங்குற விலையைப் போல அஞ்சு மடங்கு பேட்டரிக்கே போகுது. ரொம்ப மலிவா தெரியுற பொருள்ல இப்படி நடக்கும். பிரிண்டரும் இங்க்கும் ஞாபகம் வருதா?

ரெண்டு, மூணுக்கும் இடையில வித்தியாசம் நாளைக்கு 84 பைசாதான். அதனால இந்த மூணுல எது மலிவுன்னு தலையைப் பிச்சுக்க வேண்டியதில்ல. இருட்டுல கை வெச்சா கட்டாயம் எரியுமா? அதுதான் கேள்வி. 1,200 ரூபாய் டார்ச் சார்ஜ் இல்லாம மேஜை டிராயர்ல கிடந்தா, அதோட ஒரு உபயோகத்துக்கான விலை எவ்வளவுன்னு கணக்கே போட முடியாது.

லூமென் நம்பரை எப்படிப் படிக்கிறது?

லூமென்ங்கிறது டார்ச்ல இருந்து வெளியே வர்ற மொத்த வெளிச்சத்தோட அளவு. விளம்பரத்துல பெருசா போடுறது இந்த நம்பரைத்தான். ஆனா ரெண்டு மடங்கு லூமென்னா கண்ணுக்கு ரெண்டு மடங்கு வெளிச்சமா தெரியாது. 100க்கும் 130க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறதே கஷ்டம்.

நம்ம தேவை என்ன? சாவித் துவாரம், பேக் உள்ளே, பைக் சீட்டுக்கு அடியில பார்க்க 5 முதல் 20 லூமென் போதும். படிக்கட்டு, தெரு, தண்ணி தேங்கின பாதைக்கு 50 முதல் 100 வரை. அதுக்கு மேல போனா சாவிக்கொத்து சைஸ்ல டார்ச் சூடாகும், சீக்கிரம் வெளிச்சத்தைக் குறைச்சுக்கும்.

பொய் நம்பரைக் கண்டுபிடிக்க ஒரு சிம்பிள் கணக்கு. சின்ன டார்ச்ல ஒரு வாட்டுக்கு தோராயமா 100 லூமென் கிடைக்கும். அப்போ 1,000 லூமென்னா 10 வாட் வேணும். ரிமோட் பேட்டரி ஒண்ணால அவ்வளவு கரண்டை ஒரே நேரத்துல கொடுக்கவே முடியாது. "ஒரே ஏஏஏ பேட்டரி, 1,000 லூமென்"னு போட்டிருந்தா, அது "மாசம் 10 சதவீதம் வருமானம், கேரண்டி"ன்னு வர்ற ஸ்கீம் மாதிரி. ரெண்டையும் தாண்டிப் போயிடுங்க.

நேர்மையான கம்பெனி போடுற நம்பர்லயும் ஃபைன் பிரிண்ட் இருக்கு. டார்ச்சுகளை அளக்க எஃப்எல்1னு ஒரு அமெரிக்கத் தர அளவுகோல் 2009ல வந்தது. அதுபடி "எவ்வளவு நேரம் எரியும்"ங்கிறது முதல் 30 விநாடியில இருந்து, வெளிச்சம் பத்துல ஒரு பங்கா குறையுற வரைக்கும் உள்ள நேரம். அட்டையில "100 லூமென், 5 மணி நேரம்"னு இருந்தா, அஞ்சு மணி நேரமும் 100 லூமென் வரும்னு அர்த்தம் இல்ல. அஞ்சாவது மணி நேரத்துல 10 லூமென்தான் இருக்கலாம். தூரமும் அப்படித்தான். "100 மீட்டர்"னா, அங்க போய்ச் சேர்ற வெளிச்சம் 0.25 லக்ஸ். ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம்.

மியூச்சுவல் ஃபண்ட்ல ஒரு வருஷ ரிட்டர்னை மட்டும் பார்த்துப் பணம் போடுறது எப்படியோ, அதிகபட்ச லூமெனை மட்டும் பார்த்து டார்ச் வாங்குறதும் அப்படித்தான். லோ மோடுல எத்தனை லூமென், எத்தனை மணி நேரம்? அந்த வரியைத் தேடிப் படிங்க.

தினமும் கையில இருக்கணும்னா இதையும் பாருங்க

- கழட்டுற கொக்கி: பைக் சீட்டை சாவி போட்டுத்தான் திறக்கணும். சாவி பூட்டுக்குள்ள இருக்கும்போது அதோட தொங்குற டார்ச்சை எப்படிப் பிடிச்சு அடிப்பீங்க? டக்னு கழட்டுற சின்ன கொக்கி ஒண்ணு போட்டுக்கோங்க. இருபது முப்பது ரூபாய் சமாச்சாரம், ஆனா டார்ச் பயன்படுறதும் பயன்படாததும் இதுலதான் இருக்கு.
- ஸ்விட்ச்: மெதுவா அழுத்தினாலே எரியுற பட்டன் பாக்கெட்டுக்குள்ள தானா எரிஞ்சு பேட்டரியைக் காலி பண்ணிடும். தலையைத் திருகினா எரியுற மாடல், இல்லன்னா லாக் வசதி இருக்குற பட்டன் நல்லது.
- முதல்ல எந்த மோடு வரும்: ஆன் பண்ணதும் லோ வர்றதுதான் வசதி. நடுராத்திரி ரூம்மேட் முகத்துல ஹை மோடு அடிச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.
- மழை: ஐபிஎக்ஸ்4னா எந்தப் பக்கம் தண்ணி தெறிச்சாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7னா 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் தாங்கும். நம்ம ஊர் மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும்.
- சார்ஜிங் போர்ட்: யுஎஸ்பி ரகம்னா டைப்-சி பார்த்து வாங்குங்க. சில மலிவான மாடல் ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்குற கேபிள்ல சார்ஜ் ஆகாது, பழைய யுஎஸ்பி முனை இருக்குற கேபிள்லதான் ஆகும். ரிட்டர்ன் பண்ணக்கூடிய நாளுக்குள்ள ரெண்டு கேபிள்லயும் போட்டுப் பாருங்க.

பேட்டரி விஷயத்துல மூணு எச்சரிக்கை

முதலாவது, குழந்தை இருக்குற வீட்டுல பட்டன் பேட்டரி ஆபத்து. சிஆர்2032 மாதிரி காயின் செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாய்ல சிக்கினா, ரெண்டு மணி நேரத்துலயே உள்ளே கடுமையா வெந்துடும். அக்கா பையன், பக்கத்து வீட்டுக் குழந்தை சாவிக்கொத்தை எடுத்து விளையாடுறது சகஜம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கமா இல்லன்னா அந்த டார்ச்சை வாங்காதீங்க. விழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ரெண்டாவது, ஆல்கலைன் பேட்டரி நாள்பட்டா கசியும். கசிஞ்சா டார்ச் உள்ளே அரிச்சுப் போயிடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. அடிக்கடி பயன்படுத்துறவங்க ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏஏ போட்டுக்கலாம். அதே சைஸ்ல 10440னு ஒரு லித்தியம் செல்லும் விக்கிறாங்க. அது 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்குச் செஞ்ச டார்ச்ல போட்டா எரிஞ்சு போக வாய்ப்பு இருக்கு.

மூணாவது, யுஎஸ்பி டார்ச்சை வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. சூடு லித்தியம் பேட்டரியோட ஆயுசைக் குறைக்கும். பயன்படுத்தலைன்னாலும் மாசம் ஒரு தடவை, சம்பள நாள் அன்னைக்குச் சார்ஜ் போடுங்க. ஞாபகம் வெச்சுக்கவும் சுலபம்.

சரி, யாருக்கு எது?

- எப்பவாவது சாவித் துவாரம் பார்க்க மட்டும்தான் வேணும், வீட்டுல சின்னக் குழந்தை இல்ல: பட்டன் பேட்டரி டார்ச். வெட்கப்படாம 50 ரூபாய்க்கு வாங்குங்க.
- சார்ஜ் போட மறந்துடுவேன், இல்லன்னா ஊர்ல அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரணும்: ஏஏஏ. மூணு வருஷம் கழிச்சும் அதே பேட்டரி அதே கடையில கிடைக்கும்.
- தினமும் நைட் ஷிஃப்ட், தினமும் பயன்படும், சார்ஜ் போடுற பழக்கமும் இருக்கு: யுஎஸ்பி.

குழப்பமா இருக்குன்னு சொல்றவங்களுக்கு என் பதில் ஏஏஏதான். பேட்டரி தீர்ந்த ராத்திரியில, பக்கத்துக் கடையில வாங்கி மறுபடியும் எரிய வைக்க முடியுறது அது ஒண்ணைத்தான்.

எங்க நிறுத்தணும்?

டார்ச் தேட ஆரம்பிச்சா, ஆப் உங்களுக்கு மல்டி-டூல், டைட்டானியம் பேனா, 3,000 ரூபாய் டார்ச்னு வரிசையா காட்டும். "இன்னும் 150 ரூபாய்க்கு வாங்கினா டெலிவரி ஃப்ரீ"ன்னு வேற சொல்லும். 40 ரூபாய் டெலிவரியை மிச்சம் பண்ண, தேவையில்லாத 150 ரூபாய் பொருளை வாங்குறது சேமிப்பு கிடையாது. 110 ரூபாய் கூடுதல் செலவு.

அந்த 3,000 ரூபாயை எஸ்ஐபியில போட்டா கோடீஸ்வரர் ஆகலாம்னு கதை விடப் போறதில்ல. ஆனா ஆப்பைத் திறக்குறதுக்கு முன்னாடியே பட்ஜெட்டை ஒரு பேப்பர்ல எழுதுங்க. டார்ச், கொக்கி, முதல் பேட்டரி மூணும் அதுக்குள்ள அடங்கணும். வாங்கின அன்னைக்கே சாவியில மாட்டுங்க. ஒரு மாசம் கழிச்சு எத்தனை தடவை பயன்படுத்துனீங்கன்னு எண்ணிப் பாருங்க. பத்து தடவைக்கு மேலன்னா நல்ல செலவு. ஒண்ணு ரெண்டு தடவைதான்னா, அதை ஊருக்கு எடுத்துட்டுப் போய் அம்மாவோட வீட்டுச் சாவியில மாட்டி விடுங்க. அங்க அது தினமும் எரியும்.