தூரத்திலிருந்து ஊரை எழுதிய ஓவியர்

மேல்வகுப்பு மாணாக்கருக்கு மார்க் ஷகால் என்னும் ஓவியரின் படமொன்றை ஒருநாள் யாம் காட்டியபோது வகுப்பறை முழுவதும் சிரித்தது. "மனிசனுக்கு ஏன் சேர் பச்சை முகம்?" என்று ஒரு மாணவன் வினவினான். மணி அடித்துவிட்டமையால் அன்று விடை கூற இயலவில்லை. அவ்விடையை இம்மலரிலே கூற முயல்கின்றோம்.

ஷகால் 1887ஆம் ஆண்டில், அன்றைய ருஷ்யப் பேரரசுக்குட்பட்ட வித்தெப்ஸ்க் நகரப் பக்கத்திலே ஏழை யூத குடும்பமொன்றிற் பிறந்தவர். அந்நகர் இன்று பெலரூஸ் நாட்டிலுள்ளது. தந்தையார் மீன் பண்டகசாலையிலே பீப்பாக்களைச் சுமந்து உழைத்தார். தாயார் சிறு பலசரக்குக் கடை நடத்தினார். மாமன் ஒருவர் மாட்டு வியாபாரி, வயலினும் வாசிப்பார். பண்டிகை நாளொன்றிலே பாட்டனாரைக் காணாது வீட்டார் எங்குந் தேட, அவர் கூரைமேல் ஏறியிருந்து கரட் தின்றுகொண்டிருந்தாராம். ஷகால் தம் வாழ்க்கை வரலாற்றிலே இதனைத் தாமே எழுதியுள்ளார். அவர் படங்களிலே கூரைமேல் மனிதரைக் காண்போர் இப்பாட்டனாரை நினைவிற் கொள்க.

மக்சிம் வினாவேர் என்னும் வழக்கறிஞர் மாதந்தோறும் உதவிப்பணம் அளிக்க முன்வந்தமையால், 1911ஆம் ஆண்டளவில் ஷகால் பாரிஸ் சென்றார். அங்கே தேன்கூடு எனப் பொருள்படும் 'லா ரூஷ்' என்னும் வட்டக் கட்டடத்திலே அறையொன்று கிடைத்தது. 1900ஆம் ஆண்டுப் பொருட்காட்சி மண்டபமொன்றின் பகுதிகளைக் கொண்டு, அல்பிரெட் பூஷே என்னும் சிற்பி ஏழைக் கலைஞருக்காக எழுப்பிய இல்லம் அது. சீலை வாங்கப் பணமில்லாத வேளைகளில் ஷகால் மேசைவிரிப்பையும் படுக்கைவிரிப்பையும் கிழித்து அவற்றின்மேல் எழுதினார். அயலிலே மாடறுக்குந் தொட்டி இருந்தது. விடியற்காலையில் மாடுகள் கதறும் ஓசை கேட்கும். பாரிஸ் மாநகரின் நடுவே இறைச்சி விற்பவரின் பேரனுக்கு அவ்வோசை எதனை நினைப்பூட்டியிருக்கும் என்பதை யாம் சொல்லவேண்டியதில்லை.

அவ்வாண்டிலேயே 'நானும் ஊரும்' என்னும் படம் பிறந்தது. வகுப்பிலே யாம் காட்டியது இதுவே. மூலப்படம் நியூயோர்க் நவீனக்கலை நூதனசாலையில் உள்ளது. பச்சை முகத்தானொருவனும் விலங்கொன்றும் முகத்துக்கு முகம் நோக்குகின்றனர். இருவர் கண்களையும் மெல்லிய கோடொன்று இணைக்கின்றது. விலங்கின் கன்னத்திலே ஒரு பெண் பால் கறக்கிறாள். அப்பாலே தெருவில் வீடுகள் சில தலைகீழாய் நிற்கின்றன. பொருளின் நிறத்துக்கு ஓவியன் அடிமையல்லன் என்பதையும், ஒரு படத்துக்குள்ளே பல இடங்களையும் காலங்களையும் வெட்டிப் பொருத்தலாம் என்பதையும் அவர் பாரிசிலே கற்றார். கற்ற வித்தையைக் கொண்டு பாரிசை எழுதினார் அல்லர், ஊரையே எழுதினார். நினைவிலே அளவுப் பிரமாணம் இல்லை. நெஞ்சுக்கு அணித்தானது பெரிதாகும்; பசுவின் முகமும் மனிதன் முகமும் ஒத்த அளவாகும். அந்த மாணவனுக்கு எமது விடை இதுவே.

தமிழாசிரியராகிய எமக்கு இன்னுமொன்று மிக இனிக்கின்றது. அவர் தம் உருவத்தையே எழுதிய படமொன்றில் இடக்கையிலே ஏழு விரல்கள் உள. சாளரத்திலே ஈபெல் கோபுரம். மேலே முகிலுக்குள் சொந்த ஊர். சுவரிலே பாரிஸ், ருஷ்யா என்னும் இரு பெயர்களும் எபிரேய எழுத்தில். ஏழு விரல் எதற்கு? அவர் வீட்டிற் பேசிய இட்டிஷ் மொழியிலே, ஒன்றை முழு ஊக்கத்தோடு செய்தலை 'ஏழு விரலாலும் செய்தல்' என்பர். வேறொரு படத்திலே மூட்டை சுமந்த கிழவர் ஊருக்கு மேலே மிதந்து செல்கிறார். வீடு வீடாய்ச் சென்று இரப்பவனை 'வீடுகளின் மேலாகப் போகிறவன்' என்பது அம்மொழி வழக்கு. பிறர் கனவென்று வியந்தது அவர் வீட்டார்க்கு அடுக்களைப் பேச்சு. 'ஏறி இறங்காத வீடில்லை' என்று யாமுங் கூறுகின்றோம். அதனை அப்படியே படமாக எழுதத் துணிவார் எம்மவருள் உளரோ?

1914ஆம் ஆண்டு பெர்லினிலே தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டு, சிலகாலந் தங்கும் எண்ணத்துடன் ஷகால் ஊர் திரும்பினார். போர் மூண்டது, எட்டாண்டுகள் வெளியேற முடியவில்லை. அக்காலத்திலே ஊரை நேரே கண்டு எழுதிய பல படங்களை அவர் 'ஆவணங்கள்' என்றே அழைத்தார். நாவிதர் கடை, சுவர்க் கடிகாரம் முதலியன அவற்றில் இருந்தபடியே இருக்கின்றன. மிதக்கும் கிழவரும் இக்காலத்தவரே; ஆயினும் பெரும்பாலானவற்றில் மனிதர் தரையிலே நிற்கின்றனர். அவை நல்ல படங்கள்தாம். எனினும் தூரத்திலிருந்து எழுதியவற்றின் துடிப்பு அவற்றில் இல்லை என்பது எமது கருத்து. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் இவ்வேறுபாட்டை எம்மினும் நன்கறிவர்.

1923இல் அவர் மீண்டும் பாரிஸ் வந்தபோது பழைய அறை வெறுமையாய்க் கிடந்தது. விட்டுச்சென்ற படங்கள் போயிருந்தன. பெர்லினில் வைத்தவையும் விற்கப்பட்டு, அப்பணம் நாணய வீழ்ச்சியாற் செல்லாக்காசாயிற்று. இழந்தவற்றுட் சிலவற்றை, 'நானும் ஊரும்' உட்பட, அவர் மறுபடியும் எழுதினார். முன்னர் ஊரை நினைந்து படம் எழுதியவர் இப்போது அப்படத்தை நினைந்து படம் எழுதினார். பிற்காலத்திலே மணப்பெண்ணும் வயலின்காரனும் சேவலும் ஓயாது வந்தமை சிறிது சலிப்பூட்டும் என்பதையும் மறைக்க விரும்புகிலோம்.

1941இல் ஷகால் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அவ்வாண்டிலேயே ஜெர்மானியப் படைகள் வித்தெப்ஸ்கைக் கைப்பற்றி, அங்கு எஞ்சியிருந்த யூதரைக் கொன்றொழித்தன. போர் முடிவதற்குள் நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. 1944இல், தம் ஊரையே விளித்து, நியூயோர்க்கிலிருந்து அவர் ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். 1973இல், எண்பத்தாறாம் வயதில், சோவியத் அரசின் அழைப்பை ஏற்று மொஸ்கோவுக்கும் லெனின்கிராட்டுக்கும் சென்றார். வித்தெப்ஸ்குக்குப் போகவில்லை.